ரோட்டில் நட்ட பந்தக்கால்

"பந்தக்காலைப் புடுங்கி மூணடி உள்ள தள்ளி நடுங்க. லைசென்சுல இருக்கறது வாசல்ல இருந்து ஆறடி. நீங்க ஒம்பதடியில நட்டிருக்கறீங்க."

பஞ்சாயத்து போர்டு ஆபீசர் மயில்சாமி டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். பந்தல்காரர் நாச்சிமுத்து நட்ட காலைக் கையால் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு நட்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை கல்யாணம். நட்ட பந்தக்காலைப் பிடுங்கியவர் என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் நாமக்கல் வட்டாரத்தில் எவர் வெற்றிலை பாக்கு வைத்து அவரைப் பந்தலுக்குக் கூப்பிடுவார்?

தப்பு அவருடையதுதான். ஆறடியைத் தாண்டாதே என்று பெண்ணைப் பெற்ற தண்டாயுதபாணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பந்தல் தெருவை அடைத்து நின்றால்தானே பந்தல்காரனுக்கு மரியாதை! வடக்குப் பார்த்த வீடு. ஈசானிய மூலைக் கால் நேராக ரோட்டில் போய் நின்றுவிட்டது.

இருந்தாலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம். தண்டாயுதபாணி லேசுப்பட்ட ஆள் இல்லை. வெளியூர் முனிசிபாலிட்டிகளில் முப்பது வருஷம் மேனேஜர் உத்தியோகம் பார்த்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு சேந்தமங்கலத்தில் சும்மா கிடக்காமல், கூடத்தில் கரும்பலகையை மாட்டி, போர்டு உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார். வரி போடுவது, சாக்கடைக்குத் திட்டம் போடுவது, மனுவுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அங்கே பாடம். 'சாக்கடைக்கு ஒரு பள்ளிக்கூடமா!' என்று ஊரே சிரித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தவர்தான் இந்த மயில்சாமி. வாத்தியார் ஓர் அதட்டல் போட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார்.

சத்தம் கேட்டுத் தண்டாயுதபாணி சாக்பீஸும் கையுமாக வெளியே வந்தார். வகுப்பில் இருந்த பத்துப் பேரும் பின்னாலேயே வந்து வேடிக்கை பார்க்க நின்றுகொண்டார்கள்.

"வாங்க" என்றார் வாத்தியார். தன்னிடம் படித்தவருக்கு வாங்க போங்க வேறா என்று நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. அது போதாதென்று வாத்தியார் சம்சாரம் சாரதாமணி, கதவுக்குப் பின்னால் நின்றபடியே மோர்ச் செம்பை நீட்டி, ஆபீசருக்குக் கொடுக்கச் சொன்னாள். ஆபீசரோ டூட்டியில் இருக்கும்போது எங்கேயும் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பக்கம் மறந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன திமிர் பாருங்கள்!

நாச்சிமுத்து பொறுக்க மாட்டாமல் குறுக்கே விழுந்தார். "நட்ட பந்தக்காலைப் புடுங்கறது ஆகாதுங்க சாமி. சங்ககிரியில மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னு போயிருமுங்க."

"அவங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கறேனுங்க" என்றார் ஆபீசர்.

"நம்ம ஊட்டுக் கல்யாணம். ரெண்டு நாளைக்கு ஒரு மூணடியைக் கண்டுக்காம உடப்படாதுங்களா?" என்று தண்டாயுதபாணியே கேட்டார். வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரல். இதற்கு என்ன பதில் வருகிறதோ, அதில்தான் அந்தக் கரும்பலகையின் மானமே இருந்தது.

மயில்சாமி ரோட்டைக் கை காட்டினார். "சந்தைக்குப் போற பார வண்டி ரெண்டு எதிரும் புதிருமா வந்தா ஒதுங்க எடமில்லீங்க. இன்னைக்கு உங்களுக்கு உட்டுட்டனுன்னா, நாளைக்கு இந்த ஊர்ல யாரு ஊட்டுப் பந்தலையும் நான் அளக்க முடியாதுங்க."

சொல்லிவிட்டு நோட்டீசை நீட்டினார். தண்டாயுதபாணி அதை வரி விடாமல் படித்தார். ரோட்டில் தோண்டிய குழியை யார் மூடுவது என்று எழுதவில்லையே என்றார். பின்பக்கத்தில் இருக்கிறது என்றார் ஆபீசர். திருப்பிப் பார்த்தால், இருந்தது. வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆபீசர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தண்டாயுதபாணி மாணவர்கள் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நான் சர்வீசுல இருந்தப்ப, பெரிய மனுசங்க பந்தல்னா அந்தத் தெருப் பக்கமே போகாம சுத்திக்கிட்டுப் போயிருவேன். முப்பது வருசத்துல ஒரு காலைக்கூட என்னால புடுங்க முடியலீங்க. என்கிட்டப் படிச்சவரு என் ஊட்டுக் காலையே புடுங்கச் சொல்லிட்டாரு. எனக்கு இது போதும்."

பிறகு அவரே பந்தக்காலைத் தொட்டுக் கும்பிட்டு, பிடுங்கச் சொன்னார். பந்தலைச் சின்னதாகப் போட்டால் ஈசானிய மூலையும் கூடவே உள்ளே வந்துவிடும், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றார். நாச்சிமுத்து முனகிக்கொண்டே பிடுங்கி, மறுபடியும் மஞ்சள் பூசி, ஆறடிக்குள் நட்டு, ரோட்டுக் குழியையும் மூடினார். மண்ணை மிதித்து இறுக்கும்போது ஆத்திரம் அடங்காமல் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"நெஞ்சுல ஈரமே இல்லாத மனுசனுங்க. இவனுக்கெல்லாம் எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

தண்டாயுதபாணி மீசையை நீவிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"நான்தான் குடுக்கறேன். வர்ற வெள்ளிக்கிழமை, இந்தப் பந்தல்லதான்."