வைர அட்டையின் சலுகை

செருப்புகளை வாசலிலேயே கழற்றச் சொன்னாள் வழிகாட்டி நிஷாந்தி. இங்கே கரண்டி கிடையாது, கையால்தான் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னாள்.

சுற்றுலாக் கப்பலில் வந்த ஆறு வெள்ளைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் கழற்றினார்கள். அவள் ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே முடிவான காரியம் போலத்தான் இருக்கும்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃபிளாட். வாழையிலையில் பிட்டு, நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. வீட்டுக்கார அம்மா மகேஸ்வரி விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்திருந்தார்.

இந்தச் சாப்பாட்டுக்காக நிஷாந்தி தன் சுற்றுலா முகாமையாளர் கிறிஸ்ரியோடு பெரிய சண்டையே பிடித்திருந்தாள்.

"கப்பலில ஒவ்வொரு நாளும் பஃபேதானே சாப்பிடினம்? இறங்கி வந்தும் ஹோட்டல் பஃபேயா? எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்டு இருக்கு. விடுங்கோ, நான் பாக்கிறன்."

கிறிஸ்ரி விட்டார். ஆனால் எப்படிப் போகிறது என்று பார்க்கத் தானும் கூடவே வந்துவிட்டார். சரிவராவிட்டால் அடுத்த கப்பலுக்கு ஹோட்டல்தான். வழிகாட்டியும் வேறு ஆள்தான்.

வந்த அறுவரும் வைர அட்டைக்காரர்கள். ஒரே கம்பனியின் கப்பல்களில் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பயணம் செய்பவர்களுக்குத்தான் அந்த அட்டை கிடைக்கும். நெரிசலில்லாத வான், தனிச் சாப்பாடு, நடக்க முடியாதவர்களுக்கு உதவியாகக் கப்பலிலிருந்தே ஓர் ஊழியர். யார் வர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லலாம்.

அன்று வந்த ஊழியரின் சட்டையில் 'லோக்ஸ்' என்று பெயர் குத்தியிருந்தது. கப்பலின் உணவு மண்டபத்தில் பரிமாறுபவர். வெள்ளைச் சீருடையோடு, ஹெல்கா அம்மையாரின் சக்கர நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வந்தார். வந்து கதவடியிலேயே நின்றுகொண்டார்.

இலையில் பிட்டு விழுந்ததும் ஹெல்கா அம்மையார் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"லோக்ஸ் என் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும்."

கிறிஸ்ரிக்கு வியர்த்தது. பயணிகளோடு ஒரே மேசையில் ஊழியர் சாப்பிடக்கூடாது என்பது கப்பல் விதி.

"மன்னியுங்கள், மேடம். மிஸ்டர் லோக்ஸ் கடமையில் இருக்கிறார்" என்றாள் நிஷாந்தி.

"அப்படியானால் நான் சாப்பிடவில்லை. சாப்பாடு எப்படி என்று கம்பனி கேட்கும். தெரியாது என்று சொல்வேன்."

கிறிஸ்ரியே எழுந்து போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

மற்றவர்கள் நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மகேஸ்வரி லோக்ஸுக்கு மட்டும் நண்டுக் காலை உடைத்து, சதையை எடுத்து இலையில் வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று. லோக்ஸ் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"அவருக்கு மட்டும் என்ன விசேஷம்?" என்று கேட்டார் எதிரில் இருந்த கிழவர்.

"மெலிந்த ஆட்களைக் கண்டால் எங்கள் அம்மாமாருக்குப் பொறுக்காது, சேர். நீங்கள் அந்த விஷயத்தில் தப்பிவிட்டீர்கள்" என்றாள் நிஷாந்தி.

தொப்பையைத் தட்டிக்கொண்டு முதலில் சிரித்தவர் அந்தக் கிழவர்தான். மேசை முழுவதும் சிரித்தது. மகேஸ்வரி மட்டும் வெற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

இரண்டாம் தடவை பிட்டுக் கேட்டார்கள். கறித்தூள் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். கிறிஸ்ரி நிஷாந்தியின் காதருகே குனிந்தார்.

"அடுத்த கப்பலுக்கும் இதையே போடுவம்."

"ஓம். போடத்தான் வேணும்" என்றாள் அவள்.

அடுத்தது தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவது. ஹெல்கா அம்மையார் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. முழங்கால் வலிக்கிறதாம். லோக்ஸும் வழிகாட்டியும் தன்னோடு இருக்கட்டுமாம். கடற்கரையைக் காட்ட கிறிஸ்ரி போதுமாம்.

வைர அட்டைக்காரியிடம் கிறிஸ்ரி என்ன சொல்ல முடியும்? ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்.

கீழே அவர்களின் குரல்கள் தேய்ந்ததும் அம்மையார் தன் கதிரையைக் கடல் தெரியும் யன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.

"எனக்குச் சூப் கொண்டுவருகிறபோதெல்லாம் இவன் ஃபோனில் ஒரு குழந்தையின் படம் காட்டுவான். இந்த வீட்டில்தான் இன்று சாப்பாடு என்றும் இவன்தான் சொன்னான். அதனால்தான் இவனையே கேட்டு வாங்கினேன். நல்ல மனுசர்தான் உங்கள் முகாமையாளர், ஆனால் விரைவில் திரும்பிவிடுவார்."

பிறகு காதிலிருந்த கேட்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார், கண்ணையும் மூடிக்கொண்டார்.

"மாமி, யன்னலடியில நிண்டு ஒழுங்கையைப் பாருங்கோ" என்றாள் நிஷாந்தி.

கடமை நேரத்தில் சொந்த வீட்டுக்கு வந்தது தெரிந்தால் லோக்ஸ் என்ற லோகேஸ்வரனின் வேலை அன்றைக்கே போய்விடும். மகேஸ்வரி ஓடிப்போய் நிற்பதற்கு முன் மகனின் முகத்தை இரண்டு கையாலும் ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

நிஷாந்தி பக்கத்து ஃபிளாட் கதவைத் தட்டினாள். கதவுக்குப் பின்னாலேயே காத்து நின்ற றமீலா, தோளில் கிடந்த குழந்தையை அவளிடம் கொடுத்தாள்.

லோகேஸ்வரன் கப்பலேறும்போது அந்தக் குழந்தை பிறந்திருக்கவில்லை.

கழுவிய கைகளை மறுபடியும் கழுவித் துடைத்துக்கொண்டு அவர் நடு அறையில் நின்றார். கண்ணாடிச் சாமான் வாங்குகிறவர் போல ஒரு கையைக் குழந்தையின் முதுகுக்கும், மற்றதைப் பிடரிக்கும் கொடுத்தார்.

"தலையைப் பிடிக்கத் தேவையில்லையப்பா" என்றாள் நிஷாந்தி. "இப்ப எங்கட மகள் தானாவே நிமிர்த்துவாள்."