மேல் வீட்டுத் தண்ணீர்

சளாரென்று தலையில் தண்ணீர் விழுந்ததும், இது கை தவறி ஊற்றியதல்ல என்பது கதிர்காமநாதனுக்கு உறுதியாகிவிட்டது.

முதல் தடவை வாளி சரிந்துவிட்டது என்றார் மேல் வீட்டு ஸவாஹிரா ராத்தா. அடுத்த தடவை, ரோஜாச் செடிக்கு ஊற்றியது வழிந்துவிட்டது என்றார். இன்றைக்கு ஹோஸ் பைப்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதற்கு என்ன சாக்கு சொல்வார்?

பதுளை மலைச் சரிவில் வீடு கட்டினால் இதுதான் வில்லங்கம். ராத்தாவின் முற்றத்து விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால், நேர் கீழே கதிர்காமநாதனின் கார்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய கிளாக்கரிடம் வாங்கிய பழைய மொரிஸ் மைனர் அது. வாங்கிய நாளிலிருந்து அவனுக்குக் கால் தரையில் இல்லை. பஜாரில் இருக்கும் புடவைக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, சேண்ட் பேப்பரும் கையுமாகக் காரோடேயே கிடந்தான். மேலே வெள்ளை. சுரண்டினால் நீலம். அதையும் சுரண்டினால் அழகான ஒரு கரும்பச்சை. புது நிறம் தலை காட்டும்போதெல்லாம் மனைவி துஷாந்தியை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டுவான். முகமெல்லாம் தூள் அப்பியிருக்க, தும்மிக்கொண்டே சிரிப்பான். பச்சைக் காரில் அவளை உட்காரவைத்து, ஹோர்ன் அடித்துக்கொண்டே தெமோதரையில் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். அதுதான் அவன் கனவு.

துஷாந்தி காருக்குக் கிட்டவே வரவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பழைய கார் பெயின்டில் ஈயம் இருக்குமாம், காய்ந்தபடியே தேய்த்தால் தூள் பறந்து மூச்சோடு உள்ளே போய்விடுமாம், நனைத்துத்தான் தேய்க்க வேண்டுமாம்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மா ஈயச் சொம்புலதான் ரசம் வப்பாங்க. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அது வெள்ளீயம், இது காரீயம் என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அதற்குள் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தண்ணீர்க் கூத்து. நனைந்த காரில் சேண்ட் பேப்பர் கூழாகிப் போனது. வேறு வழியில்லாமல் பஜாருக்கு ஓடி, ஈரத்தில் தேய்க்கிற வாட்டர் பேப்பர் வாங்கி வந்தான். அதைப் பார்த்ததும் ராத்தாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வழிகிற சேறு வடிகாலுக்குள் போகாமலிருக்க, காருக்கு அடியில் விரிக்கச் சொல்லி, மேலிருந்து பெரிய பொலித்தீன் விரிப்பைத் தூக்கிப் போட்டார். அதன் பின்னாலேயே ஒரு மாஸ்க்கும் பறந்து வந்தது. கார் இவனுடையதா, ராத்தாவுடையதா என்று தெருவே சிரித்தது.

இன்று வெயிலில் காரின் ஒரு கதவு காய்ந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கச் சோம்பல்பட்டு, அப்படியே நாலு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான், மேலிருந்து ஹோஸ் பைப் திறந்துகொண்டது.

சொட்டச் சொட்ட நின்றவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி சத்தம் போட்டான்.

"ஒங்க மகன் கார வித்துட்டுக் கத்தாருக்குப் போனதுலருந்து, அடுத்தவன் கார் ஒங்க கண்ண உறுத்துது ராத்தா. வயித்தெரிச்சல். வேறென்ன?"

ராத்தாவின் முகம் சுண்டிப் போனது. பைப்பை மூடினார்.

துஷாந்தி கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அவங்கள ஏசாதீங்க. ஊத்தச் சொன்னது நாந்தான்."

"நீயா? எதுக்கு?"

"அந்தத் தூளு வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதுக்குத்தான்."

"அத எங்கிட்ட இன்னொருக்கா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏன், எதுக்குன்னு தொளச்சு எடுப்பீங்க. காரணம் தெரிஞ்சா, கடைக்கு வாற அத்தன பேருக்கும் லட்டு குடுப்பீங்க. போன தடவையும் அப்பிடித்தான் குடுத்தீங்க. அடுத்த வாரமே…"



விஷயம் விளங்குவதற்கு முன்னால் அவள் கண் கலங்கியதுதான் கதிர்காமநாதனுக்குத் தெரிந்தது. பச்சையும் நீலமுமாய்ச் சேறு அப்பிய கைகளை நீட்டிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

அத்தனை ஏச்சுக்கும் வாய் திறக்காத ராத்தா, படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"மொதல்ல குளிச்சு, உடுப்ப மாத்திட்டு வாங்க தம்பி. அந்தக் கையோட புள்ளத்தாச்சியத் தொட வாணாம்."