ஐஸில் வைத்த பில்ஸ்னர்

வெயிலில் இருந்து சன்னல் வழியாக உள்ளே இறங்கிய பாக்கியரத்தினத்துக்கு, அறை இருட்டில் முதலில் தெரிந்தது அந்தப் பச்சைப் போத்தல்தான்.

அது வியர்த்துக்கொண்டிருந்தது.

அவனும்தான். கச்சான் காற்று அனலாக வீசுகிற மத்தியானம். ரெயில்வே ஸ்டேசனில் இருந்து ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற தன் வீடு வரைக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருந்தான். ரோட்டில் ஒரு குருவி இல்லை. செருப்பைப் போன கிழமையே துறைமுக ஜெட்டியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கப்பலின் நூலேணியில் ஏறியிருந்தான்.

ஏறியது கோபத்தில். குடியை விடாவிட்டால் அண்ணனோடு மூதூருக்குப் போய்விடுவேன் என்று பெண்சாதி இராசமலர் சொன்னாள். கடலில் விழுந்து செத்தாலும் சாவேன், இனி இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று அயலட்டை எல்லாம் கேட்கக் கத்திவிட்டு வெளிக்கிட்டான். கொழும்புக்குப் புறப்பட ஆள் குறைவாக ஒரு கப்பல் நின்றது. துறைமுகத்தில் சாமான் தூக்கும் விஞ்ச் இயக்குகிறவன் என்றதும் அவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டார்கள்.

கோபம் கொழும்பு போய்ச் சேர முன்னமே தீர்ந்துவிட்டது. வெட்கம்தான் தீரவில்லை.

இப்போது முன்முற்றத்தில் ஆட்களின் கதை கேட்டது. மச்சான் இரத்தினசிங்கத்தின் தொண்டை தனியாகத் தெரிந்தது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போக மூதூரில் இருந்து வந்துவிட்டார். அவள் போகப்போகிறாளா, நிற்கப்போகிறாளா? அது தெரியாமல் முகத்தைக் காட்டப் பயந்துதான் பின்பக்கமாக வந்தான். வாசற்படி மிதிக்கமாட்டேன் என்ற வாக்கும் காப்பாற்றப்பட்டது.

கண் பழகப் பழக மற்றவையும் தெரிந்தன.

நிலத்தில் ஒரு வாழையிலை. அதில் சோறு, நண்டுக்கறி, பொரித்த பாரை, ஓரத்தில் ஒரு சுருட்டு. ஒரு கண்ணாடிக் கிளாஸ். பட்டப்பகலில் ஒரு விளக்கு. கதவு சாத்திய அறை இருட்டு என்று கொளுத்தி வைத்திருப்பாள்.

சாப்பாடு யாருக்கு?

மச்சானுக்கு இருக்காது. அவர் போத்தலைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிற ஆள். இராசமலருக்கு நண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும்; தொட்டுக் கழுவக்கூட மாட்டாள். இந்த வீட்டில் நண்டுக்கு ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

அவன் குந்தியிருந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தான்.

பில்ஸ்னர். அதே எழுத்து. வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நின்று போயிருந்த காலம் அது. கப்பலில் யாராவது கொண்டு வந்தால்தான் உண்டு. எப்போதோ தேயிலை ஏற்ற வந்த செக்கோஸ்லோவாக்கியக் கப்பல் ஒன்றின் சமையல்காரன், இதே மாதிரி ஒரு வெயிலில், இவனுக்கு ஒரே ஒரு போத்தல் கொடுத்தான். அதன் ருசியைப் பற்றி இவன் இராசமலருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பான். ஐஸுக்குள் புதைத்து எடுக்க வேண்டும், கண்ணாடிக் கிளாஸில்தான் வார்க்க வேண்டும், குலுக்கவே கூடாது என்று. அவள் எழும்பிச் சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள்.

போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த பேசினுக்குள், மரத்தூள் ஒட்டிய மீன்வாடி ஐஸ் பாதி கரைந்து கிடந்தது.

அப்படியென்றால் குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

ஜெட்டியடிக்குப் போய், கப்பல் சாமான் விற்கிறவர்களிடம் இவளா கேட்டு வாங்கினாள்? வெட்கமாக இருந்திருக்காதா? அதைவிட, அவன் இன்றைக்கு வருவான் என்று இவளுக்கு யார் சொன்னது? ரெயிலில் அறிந்தவர் யாரையும் அவன் காணவில்லை. மூடியைக் கூடத் திறந்து வைத்திருக்கிறாளே.

யோசித்து முடியுமட்டும் பியர் குளிராக இருக்குமா?

கிளாஸைச் சரித்துப் பிடித்து மெல்ல வார்த்தான். பொன் நிறத்தில் ஏறி, மேலே இரண்டு விரல் நுரை கட்டியது. முதல் மிடறு பல்லைக் கூசவைத்து, நெஞ்சுக்குள் இறங்குகிற இடமெல்லாம் குளிர்ந்தது. மூக்குக்குள் சுருக்கென்றது. பிறகுதான் கசப்பு வந்தது. வேப்பம்பூ வடகத்தைக் கடித்த மாதிரிச் சுத்தமான கசப்பு. வந்தது, நின்று சண்டை பிடிக்காமல் போய்விட்டது. நாக்கு உடனே அடுத்த மிடறைக் கேட்டது.

தார் ரோட்டில் வெந்த உள்ளங்கால் வரைக்கும் ஆறியது போல இருந்தது.

அவனுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. போத்தலைக் கண்டால் வீட்டை விட்டுப் போவேன் என்றவள், போத்தலைத் தானே கொண்டு வந்து இலை போட்டு வைத்திருக்கிறாள். அவள் மூதூருக்குப் போகமாட்டாள். இனி அவளுக்காக விட்டுவிடலாம். இந்தப் போத்தலோடு, இவ்வளவும் போதும் என்று விட்டுவிடலாம்.

அவசரமில்லாமல், சுவரில் சாய்ந்து கொண்டு குடித்தான். கடைசி வாய்க்கு முந்தின வாயை எடுத்தபோது, மச்சானின் குரல் கதவோடு ஒட்டிக் கேட்டது.

"அவருக்கு எட்டாம் நாள் படைச்சுக் கதவு சாத்தி எவ்வளவு நேரமாச்சுது, தங்கச்சி. ஆத்துமா வந்து தொட்டிட்டுப் போயிருக்கும். திறப்பமே?"

"இன்னும் கொஞ்சம் பொறுங்கோ அண்ணை." அழுது அழுது அடைத்துப்போன இராசமலரின் குரல். "அவர் ஆறுதலாத்தான் குடிப்பார்."

கல்யாணம் கட்டின நாளில் இருந்து, அவன் குடிப்பதைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. வாயில் இருந்ததை விழுங்கவும் ஏலாமல், அவளைக் கூப்பிடவும் ஏலாமல், பாக்கியரத்தினம் அப்படியே இருந்தான்.