பீமன் வளர்ந்த கதை

"இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்துய்யா. இத்தப் போட்டுக்கினு நின்னா பீமன் மாதிரியா கீது? வாத்து மாதிரி கீது!"

பவளம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள். அவள் புருஷன் ஏகாம்பரம், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய உயரச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு களத்து மேட்டில் தள்ளாடிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஏத்தினா வுழுந்து பல்லு பேந்துடும்மே."

"பேந்தா பேந்துட்டுப் போவுது. வேசம் போச்சின்னா மானம் பூடும். எங்கம்மா வூட்டு சனமெல்லாம் பழையசீவரத்துலேர்ந்து வண்டி கட்டிக்கினு வருது, உன் ஆட்டத்தப் பாக்க."

அன்று இரவு திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து. போன வருஷம் காவாந்தண்டலத்தில் பீமன் சபதம் போட்டபோது, அழ வேண்டிய கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டது. பின்னே? கிரீடம் வைத்தும் பீமன் பாஞ்சாலியின் காதுக்குத்தான் வந்தான். கூத்து வாத்தியார் சடையப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏகாம்பரம், இந்த வருசமும் சனம் சிரிச்சா உனுக்கு வேசம் கெடையாது. செங்கேணிக்குக் குடுத்துடுவேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. கூத்து இல்லாவிட்டால் அவனுக்குக் கழனியும் இல்லை, கல்யாணமும் இல்லை, ஒன்றுமே இல்லை. பவளத்துக்கே அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனாலும் யோசனை சொன்னது அவள்தான். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் பட்டணத்துப் பெண் ஒருத்தி, அடியில் செங்கல் வைத்த மாதிரி தடித்த செருப்புப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "குள்ளமா கீறவகூட நெட்டையாத் தெரியறாய்யா!"

இப்போது கட்டைக்கு அடியில் லாரி டயர் துண்டை ஆணியடித்து, சைக்கிள் ட்யூபில் வார் வைத்து, சுற்றிலும் ஜிகினாத் தாள் ஒட்டினார்கள்.

"குதி" என்றாள் பவளம். குதித்தான்.

"சுத்து." சுற்றினான். சுற்றிக்கொண்டே போய் வைக்கோல் போரில் விழுந்தான். பவளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வாரு அறுந்துச்சா?"

"இல்லமே. இடுப்புதான் புடிச்சிக்கிச்சி."

"அப்ப சரி. செருப்பு ஜெயிச்சிடுச்சி."

ஏகாம்பரம் வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். முகம் வாடியிருந்தது. "சாமி கூத்துல செருப்பான்னு வாத்தியாரு தாம்தூம்னு குதிச்சா இன்னா பண்றது?"

"செருப்புன்னு ஏன் சொல்ற? பாதுகைன்னு சொல்லு. ராமரே போட்டதுதானே?"

பொழுது சாய்ந்தது. கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் ஆட்கள் வேஷம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஏகாம்பரம் பைக்குள்ளிருந்து எடுத்ததை வாத்தியார் முன்னால் பயந்து பயந்து வைத்தான்.

"இன்னாடா இது, செருப்பு?"

"செருப்பில்ல வாத்யாரே, பாதுகை. ராமரே போட்டாரு."

வாத்தியார் முறைத்தார். ஜிகினாவைத் தடவிப் பார்த்தார். ஒரு கட்டையைத் தூக்கி எடை பார்த்தார். வெளியே சனம் பாய் விரித்து இடம் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"பீமன் எவ்ளோ ஒசருவான்?"

"பாஞ்சாலியத் தாண்டிடுவான் வாத்யாரே."

"சனம் சிரிக்காதே?"

"அம்மன் சத்தியமா சிரிக்காது."

வாத்தியார் கொஞ்ச நேரம் மீசையை முறுக்கினார். பிறகு, "சரி, கட்டு" என்று தன் குட்டைக் கால்கள் இரண்டையும் நீட்டினார்.

பீமனுக்கு வாரை இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக எழுந்த நெட்டை ஏகாம்பரம், மழமழவென்று சிரைத்த முகத்தில் மஞ்சளைப் பூசிக்கொண்டு, பவளத்தின் கல்யாணப் புடவையை எடுத்துப் பாஞ்சாலிக்குக் கொசுவம் வைக்க ஆரம்பித்தான்.