பியானோ ஆமை

“ஆளை மாத்துங்க மாஸ்டர். இந்த ஆமையோட நான் மேடை ஏற மாட்டேன்!”

வயலின்காரி போட்ட சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள். பியானோக்காரன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

இசைப்பள்ளியில் கடைசி வருஷ மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரு கச்சேரி. பெரிய இசைக்குழுவிலிருந்து வந்து பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் வேலை நிச்சயம். இன்னும் ஐந்தே நாள்.

“நிமிஷத்துக்கு நூத்தி முப்பத்திரண்டு தாள அடின்னு பாட்டுத் தாள்லயே போட்டிருக்கு. இவன் நூறைத் தாண்ட மாட்டேங்கறான். நான் முன்னாடி ஓடினா சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இழுக்கறான்!”

“ஏம்ப்பா?” என்றார் மாஸ்டர்.

“எனக்கு அவ்வளவு வேகம் வராது மாஸ்டர்.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை ஒரு மாசம் முன்னாடி சொல்றதுக்கு என்ன? சரி, சாப்பிட்டு வாங்க. அதுக்குள்ள வேற ஆள் பார்க்கறேன்.”

வெளியே வந்ததும் அவனை மடக்கினாள்.

“தினமும் என் வயலின் பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தியே, எதுக்கு? தண்ணி பாட்டில் மூடியைக்கூட நீதான் திறந்து குடுத்தே. நானும் லூசு மாதிரி, நீ என் மேல ஆசையிலதான் செய்யறேன்னு நினைச்சேன். வாசிக்க வராததை மறைக்கத்தானே அந்தக் குழைவெல்லாம்?”

“ஆசையும்தான்,” என்றான் அவன், இழுத்து.

“அதையாவது வேகமா சொல்லித் தொலை!”

இடது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் எழுந்து பயிற்சி அறைப் பக்கம் வந்தாள். உள்ளே யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதே பாட்டு. நூற்று முப்பத்திரண்டு என்ன, அதற்கு மேலேயே பறந்தது. ஒரு சுரம் பிசகவில்லை.

மாஸ்டர் பிடித்த புது ஆளாக இருக்கும் என்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

ஆமை!

கதவு சுவரில் மோதித் திரும்பியது. “அப்போ உனக்கு வாசிக்க வரும்! வேணும்னே என்னைக் கவுக்கப் பார்த்திருக்கே!”

அவன் சட்டென்று பாட்டுத் தாள் புத்தகத்தை மூடினான்.

“என்னடா மறைக்கறே? குடு!”

இடது கையால் பிடுங்கினாள். புத்தகம் கையில் நிற்கவில்லை. நழுவிக் கீழே விழுந்து விரிந்தது.

பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல்.

‘பன்னிரண்டாம் வரி. மணிக்கட்டை உதறுகிறாள். மெதுவாகப் போ.’

‘இங்கே ஓடுவாள். விடாதே. இழுத்துப் பிடி.’

‘கடைசிப் பக்கம். ரெண்டு அடி தாமதமாக ஆரம்பி. கைக்குக் கொஞ்சம் ஓய்வு.’

அவள் குனிந்தபடியே இருந்தாள். வலி மாத்திரையைப் பெட்டி அடியில் ஒளித்து வைத்து ஒரு மாசமாகிறது. வீட்டில்கூடத் தெரியாது.

“எப்போ கண்டுபிடிச்சே?”

“முதல் வாரமே. பாட்டில் மூடி திறக்க முடியாம என்கிட்ட நீட்டினியே.”

“மாஸ்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா உன்னைக் கச்சேரியிலேர்ந்து எடுத்துடுவாங்க. நான் மெதுவா வாசிச்சா என்னைத் திட்டறதோட போயிடும்.”

“உன்னை யாருடா கேட்டா?” அவள் குரல் உடைந்தது. கோபம் மட்டும் குறையவில்லை. “உன் வேலையும்தானேடா போகும், அறிவுகெட்டவனே!”

வாசலில் மாஸ்டர் வந்து நின்றார். பின்னால் ஒரு புது முகம்.

“கவலைப்படாதேம்மா, ஆள் கிடைச்சாச்சு. நூத்தி முப்பத்திரண்டுல சும்மா பறப்பான். ஏம்ப்பா, எழுந்து இடம் குடு.”

பியானோக்காரன் எழுந்தான். அவள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். மறுபடி கோட்டுப் பைக்குள் போயிருந்த இடது கையை வெளியே எடுத்து, வீங்கிய மணிக்கட்டை மாஸ்டர் முன்னால் நீட்டினாள்.

“பியானோவுக்கு ஆள் வேண்டாம் மாஸ்டர். வயலினுக்குப் பாருங்க. ஆமை நான்தான்.”