பக்கத்து வீட்டு இணையத்தளம்

உரும்பிராயில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்த தவமலரும் சிவகௌரியும் வேப்பம்பூ வடகம் விற்றார்கள். தவமலர் மலிவாக ஓர் இணையத்தளம் திறந்த நாளிலிருந்து சிவகௌரிக்கு வயிறு எரிந்தது. விடிந்ததும் கைபேசியில் அதைத் திறந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்துப் புழுங்கிய பிறகுதான் தேத்தண்ணி குடிப்பாள்.

"உந்தத் தளத்தை இழுத்து மூடினால்தான் எனக்கு நித்திரை வரும்" என்று கணவனிடம் சொல்வாள்.

ஒருநாள் தவமலர் வேலியடிக்கு வந்தாள்.

"தளத்தை மூடத்தான் நினைச்சனான், அக்கா. ஒரு ஓடரும் வரேல்லை. தளத்தைச் செய்து தந்த பெடியன் தேனுஜன்தான் மறிச்சவன்."

"ஏனாம்?"

"ஆரோ ஒரு சீவன் மட்டும் நாள் தவறாமல் விடியக்காலமை வந்து எல்லாப் படத்தையும் பாக்குதாம். என்ரை வடகத்திலை அவ்வளவு ஆசைபோலை. அதின்ரை மனசை ஏன் நோகடிக்கவேணும் எண்டு இன்னும் ஒரு வருசத்துக்குப் புதுப்பிச்சுப்போட்டன்."

சிவகௌரி கையிலிருந்த கைபேசியை மெல்லக் கவிழ்த்துப் பிடித்தாள்.