இரண்டாம் முழுக்கு

உள்ளே அத்மாசு முழுக்குப் போடுகிறான். வெளியே சுவரோரம் உட்கார்ந்து தெரூனேஷ் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

இத்தனைக்கும், அந்தத் தொட்டியே வேண்டாமென்று முதலில் கத்தியவன் அவள் புருஷன்தான். எத்தியோப்பியாவிலிருந்து கால் தேயச் சூடானுக்கு நடந்து, அங்கிருந்து விமானமேறி இஸ்ரேலில் வந்து இறங்கினால், இங்குள்ள ரபிகள், அதாவது யூத குருமார்கள், சொல்கிறார்கள்: நீங்கள் யூதர்கள்தான், இருந்தாலும் ஒரு சந்தேகம், எங்கள் தொட்டியில் ஒரு தடவை முழுகிவிடுங்கள்.

எவ்வளவு கொழுப்பு!

"எங்க தாத்தன் பூட்டனெல்லாம் ஆத்துல முங்கித் தீட்டுக் கழிச்சவங்கய்யா. எங்களைக் கழுவ நீங்க யாரு?" என்று ரபியின் முகத்துக்கு நேராகவே கேட்டான் அத்மாசு. அன்றைக்குத் தெரூனேஷ் பூரித்துப்போனாள்.

இன்று காலையில் அவன்பாட்டுக்கு எழுந்தான், முழுகிவிட்டு வருகிறேன் என்றான், கிளம்பிவிட்டான்.

போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுக்காரி வொர்க்கே கூடவே வந்து வாயைக் கிளறினாள். "என்னடி, உன் சிங்கம் பூனையாயிடுச்சு?"

தெரூனேஷை அவமானம் பிடுங்கித் தின்றது. இங்கு வந்ததிலிருந்தே அவன் போக்கு சரியில்லை. தனித் தட்டு, தனிப் படுக்கை. கிட்டே போனால் விலகுகிறான். கேட்டால், சூடானில் பிடித்த வயிற்றுக்கோளாறு, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்கிறான்.

அவளும் அதோடு மல்லுக்கட்டவில்லை. அவள் நினைப்பெல்லாம் மகள் யெஷி மேல்தான்.

ஆறு வயசு. சூடான் முகாமில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது தெரூனேஷ் முதல் கூட்டத்தோடு இங்கே வந்துவிட்டாள். குழந்தை அப்பாவோடு தங்கிவிட்டது. பிறகு அவன் மட்டும் வந்தான். குழந்தைக்குக் காய்ச்சல், என் அக்காவிடம் விட்டிருக்கிறேன், அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள் என்றான்.

புது ஆட்களோடு பஸ் வரும்போதெல்லாம் தெரூனேஷ் வாசலில் போய் நிற்கிறாள்.

கதவு திறந்தது. மொழிபெயர்க்கிற தாவித் வியர்த்து வழிய வெளியே வந்தான். அடிஸ் அபாபாவில் பிறந்து வளர்ந்த பட்டணத்துக்காரன்.

"அக்கா, உன் வீட்டுக்காரரு உயிரை வாங்குறாரு. முங்கினது போதும்னு ரபி சொல்லிட்டாரு. இவரு ஏறி வர மாட்டேங்கிறாரு. உடுத்திக்கிட்டு வந்த துணியும் வேணுமாம், அதைக் கட்டிக்கிட்டே இன்னொரு தடவை முங்கணுமாம். அப்படி ஒரு வழக்கமே இல்லைன்னு ரபி கத்துறாரு."

ரபிக்கு அந்த வழக்கம் இல்லை. தாவித்துக்கும் தெரியாது. தெரூனேஷின் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

பிணத்தைத் தொட்டவன் ஒருத்தரையும் தொடாமல் தள்ளியே இருப்பான். ஏழு நாள் கழித்து, உடுத்தியிருந்த துணியோடு ஆற்றில் முழுகித்தான் வீட்டுக்குள் வருவான்.

இந்தப் பாலைவன ஊரில் ஆறு ஏது? மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் ரபிகளின் தொட்டிதான் இருக்கிறது.

வொர்க்கேயும் அதே ஊர்க்காரிதான். மெல்லக் கையை நீட்டித் தெரூனேஷின் தோளைப் பிடித்தாள்.

தெரூனேஷ் எழுந்திருக்கப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன அக்கா, ரபிகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றான் தாவித்.

"துணியக் குடுத்துடு தம்பி," என்றாள். "எம்பொண்ணைப் பொதச்சிட்டு வந்த மனுஷன். நல்லா முங்கட்டும்."